மணிக்கு 86 மைல் வேகத்தில் ஓடிய மரம்

இன்னைக்கு ஒரு மரத்தோட கதை.

1979. அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் மயாமி நகரம். அங்கே ஒரு டிவி சேனல் போலீஸ் பயன்படுத்தும் ரேடார் கருவியை ஒரு மரத்தைப் பார்த்துத் திருப்பி வைத்தார்கள். ரேடார் திரையில் 86 என்று வந்தது. மணிக்கு 86 மைல். நம்ம கணக்குல சொன்னா 138 கிலோமீட்டர் வேகம். அடுத்து ஒரு வீட்டைப் பார்த்துத் திருப்பினார்கள். அது 28 மைல் வேகத்தில் போய்க்கொண்டிருப்பதாக ரேடார் சொன்னது.

மரம் 138, வீடு 45. நல்லவேளை, ரெண்டுக்கும் நம்பர் பிளேட் இல்லை. இருந்திருந்தா டிக்கெட் போயிருக்கும்.

கேட்க காமெடியா இருக்கு. ஆனா இந்தக் கதையை நான் தேடிப் போனதுக்குக் காரணம் காமெடி இல்லை. சில மாசம் முன்னாடி என் போனுக்கு ஒரு எஸ்.எம்.எஸ். வந்தது. ஓவர் ஸ்பீடிங், ஆயிரம் ரூபாய் ஃபைன். அதில் போட்டிருந்த நேரத்துல என் பைக் ஆபீஸ் பேஸ்மென்ட் பார்க்கிங்ல நின்னுட்டிருந்தது. நான் மூணாவது மாடியில ஒரு மீட்டிங்ல இருந்தேன். வீட்ல சொன்னப்போ அம்மா சொன்னது ஒரே வரி: "ஆயிரம் ரூபாய்க்கு கோர்ட்டு கேஸுன்னு அலைவியா? கட்டிட்டு வேலையப் பாருடா." நானும் கட்டிட்டேன். ரெண்டு நிமிஷம்தான் ஆச்சு. அந்த ரெண்டு நிமிஷத்துல நான் என்ன தப்பு செஞ்சேன்னு கடைசில சொல்றேன். அது புரியணும்னா முதல்ல ரேடார் எப்படி சாட்சி ஆச்சுன்னு பார்க்கணும்.

சைக்கிளில் துரத்திய போலீஸ்

கார் ஓட்டி வேகத்துக்காக தண்டனை வாங்கிய முதல் ஆள் என்று பொதுவாகச் சொல்லப்படுபவர் வால்டர் ஆர்னால்டு, இங்கிலாந்துக்காரர். 1896 ஜனவரி, கென்ட் மாவட்டத்தில் பேடக் வுட் என்ற ஊர். அன்றைக்கு ஊருக்குள் வேக வரம்பு மணிக்கு 2 மைல். ஆமா, ரெண்டு. நாம நடக்குறதை விட மெதுவு. அவர் 8 மைல் வேகத்தில் போனார். ஒரு கான்ஸ்டபிள் சைக்கிளை எடுத்துக்கொண்டு துரத்திப் பிடித்தார். வேகத்துக்கான அபராதம் ஒரு ஷில்லிங்.

இந்தக் கேஸ்ல சாட்சி யாரு? ஒரு மனுஷன். கோர்ட்டில் அவரை நிற்க வைத்து, "நீங்க எங்க இருந்து பார்த்தீங்க? எவ்வளவு தூரம் துரத்தினீங்க?" என்று கேட்க முடியும். அடுத்து வந்தது ஸ்டாப்வாட்ச். சாலையில் அளந்து வைத்த ரெண்டு புள்ளிகளை ஒரு கார் எத்தனை செகண்டில் கடக்கிறது என்று பார்ப்பது. அதிலும் "நீங்க பட்டனை லேட்டா அழுத்தலையா?" என்று கேட்கலாம். சாட்சி மனிதராக இருக்கும்வரை குறுக்கு விசாரணைக்கு வழி இருந்தது.

1947-ல் இது மாறத் தொடங்கியது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் கிளாஸ்டன்பரி என்ற ஊரில், போலீஸ் முதன்முதலாகச் சாலையில் ரேடார் வைத்து வேகம் அளந்தார்கள். இரண்டாம் உலகப்போரில் விமானங்களைத் தேடிய தொழில்நுட்பம் இப்போது கார்களைத் தேட வந்தது.

ரேடார் வேகம் அளக்கறது டாப்ளர் விளைவை வச்சு. ஸ்கூல்ல படிச்சது ஞாபகம் இருக்கா? ஆம்புலன்ஸ் நம்மை நோக்கி வரும்போது சைரன் கீச்சென்று கேட்கும், தாண்டிப் போனதும் சத்தம் தடிச்சுப் போகும். அலையை அனுப்பும் பொருளோ, திருப்பி அனுப்பும் பொருளோ நகர்ந்தால் அலையின் அதிர்வெண் மாறும். ரேடார் ஒரு ரேடியோ அலையை அனுப்புகிறது. கார் மேல் பட்டுத் திரும்பி வரும் அலையின் அதிர்வெண் கொஞ்சம் மாறியிருக்கும். எவ்வளவு மாறியது என்பதை வைத்து வேகத்தைக் கணக்கிடுகிறது.

இங்க ஒரு எண்ணை மட்டும் மனசுல வச்சுக்கங்க. அந்தக் காலத்தில் பரவலாக இருந்த எக்ஸ் பேண்ட் ரேடார் அனுப்பிய அலை 10.525 கிகாஹெர்ட்ஸ். அதில் ஒரு மைல் வேகத்துக்கு அதிர்வெண் சுமார் 31 ஹெர்ட்ஸ் மாறும். அப்போ 86 மைலுக்கு? சுமார் 2,700 ஹெர்ட்ஸ். இது நம்ம காதுக்குக் கேட்கிற சத்தத்தோட ரேஞ்ச். அதாவது, ரேடாருக்குள்ள இருக்கிற சர்க்யூட் கடைசியில எண்ணிக்கிட்டு இருக்கறது காதால் கேட்கக்கூடிய ஒரு ஸ்ருதியைத்தான். போலீஸ்காரர்கள் ரேடாரைச் சரிபார்க்க ட்யூனிங் ஃபோர்க் பயன்படுத்தியதும் இதனால்தான். ஃபிசிக்ஸ் லேப்ல தட்டுவோமே, அதே கவை. அதைத் தட்டி ரேடார் முன்னாடி காட்டினால், அதன் அதிர்வுக்கு ஏற்ற வேகம் திரையில் வரணும்.

கவையைத் தட்டினா வேகம் வருதுன்னா, அதே மாதிரி அதிர்ற வேற எதுவும் வேகமா தெரியலாம். இதை ஞாபகம் வச்சுக்கங்க, மரத்துக்கிட்ட திரும்பி வரும்போது தேவைப்படும்.

கொள்கை சரி, ஆனா இந்த ரீடிங்?

ஆரம்பத்தில் ரேடார் டிக்கெட் கோர்ட்டுக்குப் போனால், அரசுத் தரப்பு ஒரு நிபுணரைக் கூட்டிக்கொண்டு வந்து "டாப்ளர் விளைவு என்றால் இதுதான்" என்று விளக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு கேஸுக்கும் ஒரு ஃபிசிக்ஸ் கிளாஸ். இது நடைமுறைக்குச் சரிவராது இல்லையா?

1955-ல் நியூ ஜெர்சி மாநில உச்ச நீதிமன்றம் டான்டோனியோ வழக்கில் ஒரு முக்கியமான தீர்ப்பு கொடுத்தது. ரேடார் எந்த அறிவியல் கொள்கையில் வேலை செய்கிறது என்பது நிறுவப்பட்ட விஷயம். அதை ஒவ்வொரு முறையும் நிபுணரை வைத்து நிரூபிக்கத் தேவையில்லை என்றது. மற்ற மாநில கோர்ட்டுகளும் மெல்ல மெல்ல இதே பாதையில் வந்தன.

தீர்ப்பு நியாயமானதுதான். டாப்ளர் விளைவு உண்மை. அதுல எனக்கோ உங்களுக்கோ சண்டை இல்லை. கருவியை அன்னைக்குச் சரியா வச்சிருந்தாங்களா, இயக்கினவருக்குத் தெரியுமாங்கற கேள்வியும் சட்டத்துல உயிரோடதான் இருந்தது. ஆனா தினமும் நூறு கேஸ் ஓடுற டிராஃபிக் கோர்ட்ல நடந்தது வேற. "ரேடார் அறிவியல்பூர்வமானது" என்பது கொஞ்சம் கொஞ்சமாக "ரேடார் சொன்னால் சரி" என்று ஆனது.

நம்ம ஃபீல்டுல இருக்கறவங்களுக்கு இது பழகின சிக்கல். அல்காரிதம் சரியா இருக்கலாம். அதுக்காக நேத்து ராத்திரி ப்ரொடக்‌ஷன்ல வந்த அந்த ஒரு அவுட்புட் சரின்னு ஆகாது. அதுக்கு லாக் பார்க்கணும், இன்புட் என்னன்னு பார்க்கணும்.

55 மைல் காலம்

இந்தச் சிக்கல் இருபது வருஷத்துக்கு மேல் பெரிதாக வெடிக்கவில்லை. அதை வெடிக்க வைத்தது பெட்ரோல்.

1973-ல் அரபு நாடுகளின் எண்ணெய்த் தடை வந்தது. அமெரிக்காவில் பங்குகளின் முன்னால் நீண்ட வரிசை. எரிபொருளை மிச்சப்படுத்த, 1974 ஜனவரியில் அதிபர் நிக்சன் ஒரு சட்டத்தில் கையெழுத்து போட்டார். நாடு முழுக்க வேக வரம்பு மணிக்கு 55 மைல், கிட்டத்தட்ட 89 கிலோமீட்டர். 70 மைல், 75 மைல் வேகத்தில் போவதற்காகவே கட்டிய நெடுஞ்சாலைகளில் எல்லோரும் 55-ல் போகணும்.

விளைவு என்னன்னு யூகிச்சிருப்பீங்க. நேத்து வரைக்கும் சட்டப்படி ஓட்டினவங்க இன்னைக்கு அதே வேகத்துல குற்றவாளி. ரேடார் பரவியது, டிக்கெட்டும் பெருகியது. பதிலுக்கு டிரைவர்கள் சி.பி. ரேடியோ வாங்கி, போலீஸ் எங்கே நிற்கிறார்கள் என்று ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொண்டார்கள். ரேடார் அலையைக் கண்டுபிடித்துக் கத்தும் ஃபஸ்பஸ்டர் என்ற கருவி அமோகமாக விற்றது. இந்தச் சூழ்நிலையில்தான் மயாமி டிவியில் அந்த மரம் 86 மைல் வேகத்தில் ஓடியது.

ஒரு டிராஃபிக் கோர்ட், எண்பது வழக்குகள்

வேக டிக்கெட் வாங்கிய பலர் அந்த ஒளிபரப்புக்குப் பிறகு ரேடாரையே எதிர்த்து வந்தார்கள். டேட் கவுண்டி நீதிபதி ஆல்ஃபிரட் நெஸ்பிட் முன்னால் 80 வழக்குகள் ஒன்றாகச் சேர்த்து விசாரிக்கப்பட்டன. ஒரு டிராஃபிக் டிக்கெட் விசாரணை சாதாரணமாகச் சில நிமிடத்தில் முடியும். இது நாள் கணக்கில் போனது. பொறியாளர்கள் வந்து சாட்சி சொன்னார்கள். அதுவரை "ரேடார் சரி" என்ற ஒரே வாக்கியத்துக்குள் ஒளிந்திருந்த கேள்விகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

ரேடார் எப்படித் தப்பு செய்யும்னு நாலு வழியைப் பார்ப்போம்.

முதல் வழி, எந்த வண்டி என்ற குழப்பம். ரேடார் கற்றை லேசர் மாதிரி நேர்கோடு கிடையாது. டார்ச் வெளிச்சம் மாதிரி விரியும். 12 டிகிரி விரிகிற கற்றை 300 மீட்டர் தள்ளி 60 மீட்டருக்கு மேல் அகலமாக இருக்கும். ரோட்டோட எல்லா லேனும் அதுக்குள்ள அடங்கிடும். திரையில் வருவதோ ஒரே ஒரு எண். முன்னால் மெதுவாக வரும் சின்ன கார், பின்னால் வேகமாக வரும் பெரிய லாரி. லாரியிலிருந்து திரும்பும் அலை பலமாக இருந்தால் அதன் வேகம்தான் திரையில் வரும். டிக்கெட் முன்னால் வந்த காருக்குப் போகலாம்.

இரண்டாவது, குறுக்கீடு. முன்னாடி சொன்ன ட்யூனிங் ஃபோர்க்கை ஞாபகப்படுத்திக்கங்க. போலீஸ் காருக்குள் சுழலும் ஏ.சி. ஃபேன், வயர்லெஸ் ரேடியோ, பக்கத்தில் போகும் உயர் மின்னழுத்தக் கம்பி, இவை எல்லாமே ரேடாருக்கு ஒரு சிக்னல் மாதிரி தெரிய வாய்ப்பு உண்டு. எதிரே நகரும் வண்டி எதுவும் இல்லாதபோது, பலவீனமான இந்தச் சிக்னலைக்கூடக் கருவி பிடித்துக்கொள்ளும். நிற்கிற மரத்துக்கு வேகம் வருவது அதிசயமில்லை என்று இப்போது புரியும்.

மூன்றாவது, கருவியை வேகமாகத் திருப்புவது. கையிலோ டேஷ்போர்டிலோ இருக்கும் ஆன்டெனாவை அதன் சொந்த டிஸ்ப்ளே பெட்டிக்கு முன்னால் திருப்பினால்கூடப் பொய் எண் வரலாம்.

நான்காவது, ஓடும் காரிலிருந்து அளப்பது. எதிரே வரும் வண்டியை அளக்கும்போது ரேடார் இரண்டு அளவு எடுக்கிறது. ஒன்று, சாலையைப் பார்த்து போலீஸ் காரின் சொந்த வேகம். இன்னொன்று, எதிர் வண்டியும் போலீஸ் காரும் சேர்ந்து நெருங்கும் வேகம். இரண்டாவதில் முதலாவதைக் கழித்தால் எதிர் வண்டியின் வேகம். இப்போ போலீஸ் கார் 60-ல் போகுது, எதிர் வண்டி 55-ல் வருது. நெருங்கும் வேகம் 115. 115-ல் 60 போனா 55. சரியான விடை. ஆனால் முன்னால் போகும் ஒரு லாரியைப் பார்த்து ரேடார் அதைச் "சாலை" என்று நினைத்துவிட்டால், சொந்த வேகத்தை 40 என்று தப்பாக எடுக்கலாம். 115-ல் 40 போனால் 75. ஒழுங்காக வந்த மனுஷனுக்கு 20 மைல் இனாம்.

இந்தத் தப்பு எதுவும் டாப்ளரோட தப்பு இல்லைங்கறதைக் கவனிங்க. ஃபிசிக்ஸ் சரி, கழித்தல் கணக்கும் சரி. தப்பு வந்தது இன்புட்ல.

ரேடார் தரப்பு வாதத்தையும் சொல்லணும். நன்றாகப் பயிற்சி எடுத்த போலீஸ்காரர் முதலில் தன் கண்ணால் ஒரு வண்டி வேகமாக வருவதைக் கணிப்பார். ரேடார் எண் அதோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார். அவர் ஒருநாளும் மரத்துக்கு டிக்கெட் எழுத மாட்டார். சரியான வாதம்தான். ஆனால் அந்த வாதத்துக்குள்ளேயே அடுத்த கேள்வி இருக்கிறது. அந்தப் போலீஸ்காரர் நல்ல பயிற்சி எடுத்தவர் என்பதை இந்த வழக்கில் யார் நிரூபிப்பது?

1979 மே மாதம் நீதிபதி நெஸ்பிட் தீர்ப்பு சொன்னார். இந்த வழக்குகளில் ரேடார் பயன்படுத்தப்பட்ட விதத்தில் அதன் நம்பகத்தன்மை சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிறுவப்படவில்லை. ஆகவே அந்த ரீடிங்குகளை ஆதாரமாக ஏற்க முடியாது.

இது ஒரு கவுண்டி கோர்ட் தீர்ப்பு. மற்ற ஊர்க் கோர்ட்டுகளைக் கட்டுப்படுத்தாது. ரேடார் ஒழிந்துபோகவும் இல்லை, ஒழியத் தேவையும் இல்லை. ஆனால் அதன் தாக்கம் பெரிது. அமெரிக்க ஃபெடரல் அரசின் சாலைப் பாதுகாப்புத் துறை, நேஷனல் பீரோ ஆஃப் ஸ்டாண்டர்ட்ஸ் அமைப்போடு சேர்ந்து ரேடார்களைச் சோதித்தது. கருவிகளுக்குத் தரநிலை, இயக்குபவர்களுக்கு முறையான பயிற்சித் திட்டம் என்று வேலைகள் வேகம் பிடித்தன.

இன்னைக்கு இருக்கிற ரேடார் நல்லா இருக்குன்னா, அதுல ஒரு பங்கு அதைத் திட்டினவங்களுக்குச் சேரும்.

ஒரு பழைய டட்சன்

இப்போ இருபத்தி நாலு வருஷம் தாண்டி, ஆஸ்திரேலியாவுக்குப் போவோம். இடையில் ஒரு பெரிய மாற்றம் நடந்திருந்தது. ரேடாருக்குப் பின்னால் நின்ற போலீஸ்காரர் பல இடங்களில் காணாமல் போயிருந்தார். கேமராவே அளக்கும், படம் எடுக்கும், வீட்டுக்கு நோட்டீஸ் போகும். "கண்ணால் கணித்தீர்களா?" என்று கேட்க அங்கே ஆளே இல்லை.

2003, மெல்போர்ன் நகரின் வெஸ்டர்ன் ரிங் ரோடு. ஒரு டட்சன் 120ஒய் காருக்கு டிக்கெட் வந்தது. வேகம் மணிக்கு 158 கிலோமீட்டர். டட்சன் 120ஒய் எழுபதுகளில் வந்த சின்ன கார். நம்ம ஊர் பழைய ப்ரீமியர் பத்மினியில 158 போனேன்னு யாராவது சொன்னா சிரிப்பீங்க இல்ல, அந்த மாதிரி. காரின் உரிமையாளர் தரப்பு விடவில்லை. காரைச் சோதித்துப் பார்த்தார்கள். எவ்வளவு அழுத்தினாலும் 120-ஐக்கூடத் தொடவில்லை.

இந்த ஒரு டிக்கெட் கதவைத் திறந்தது. மற்ற கேமராக்களும் சோதிக்கப்பட்டன. 2004-ல் விக்டோரியா மாநில அரசு 1,65,000 அளவிலான அபராதங்களைக் கைவிட்டது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தது, லைசென்ஸ் இழந்தவர்களுக்கு இழப்பீடு என்று மொத்தத்தில் சுமார் 2.6 கோடி ஆஸ்திரேலிய டாலர் கணக்கு. பின்னர் கேமராக்களைக் கண்காணிக்கவே ஒரு சுதந்திரமான ஆணையர் பதவியைச் சட்டம் போட்டு உருவாக்கினார்கள். 2012-ல் முதல் ஆணையராக வந்தவர் முன்னாள் நீதிபதி கோர்டன் லூயிஸ்.

இங்க ஒரு நிமிஷம் நில்லுங்க. 1,65,000 டிக்கெட்டும் தப்புன்னு நான் சொல்லலை. எது சரி எது தப்புன்னு நம்பிப் பிரிக்க முடியாத நிலை. ஆனா அதுல தப்பா வந்த டிக்கெட் வாங்கினவங்க எத்தனை பேர் "நான் கொஞ்சம் வேகமாத்தான் போயிருப்பேனோ"ன்னு நினைச்சுப் பணம் கட்டியிருப்பாங்க? புது கார் வச்சிருந்தவரால மறுக்கவே முடியாது. ஏன்னா அவர் கார் 158 போகும். அந்தப் பழைய காரால போக முடியாது, அதனாலதான் உண்மை வெளியே வந்தது.

சிக்னலில் நின்ற கார்

கடைசி ஊர், அமெரிக்காவின் பால்டிமோர். 2012 ஏப்ரலில் ஒரு காருக்கு 40 டாலர் டிக்கெட். 25 மைல் மண்டலத்தில் 38 மைல் வேகம். இந்தக் கேமரா சிஸ்டத்தில் நல்ல விஷயம் ஒன்று இருந்தது. டிக்கெட்டோடு நேரம் பதிந்த இரண்டு படங்களும் ஒரு சின்ன வீடியோவும் கிடைக்கும். வீடியோவில் அந்தக் கார் சிவப்பு சிக்னலில் நின்றுகொண்டிருந்தது. ஒரு இஞ்ச்கூட நகரவில்லை.

பால்டிமோர் சன் பத்திரிகை இந்த மாதிரி டிக்கெட்டுகளை எடுத்து ஆராய்ந்து 2012-ல் தொடர்ந்து எழுதியது. பத்தாம் கிளாஸ் கணக்குதான். இரண்டு படங்களுக்கு இடையே எத்தனை செகண்ட், கார் எவ்வளவு தூரம் நகர்ந்தது, தூரத்தை நேரத்தால் வகுத்தால் வேகம். ஒரு கார் 38 மைல் வேகத்தில் போனால் அரை செகண்டில் எட்டரை மீட்டர் நகர்ந்திருக்கணும். அதாவது கிட்டத்தட்ட ரெண்டு கார் நீளம். படத்தில் கார் அதே இடத்தில் இருந்தால் ரேடார் சொன்னது பொய்.

கேமராக்களில் பிழை கால் சதவீதத்துக்கும் குறைவு என்று நகர நிர்வாகம் சொல்லிவந்தது. கேமராக்களை நடத்திய ஜெராக்ஸ் நிறுவனமோ, ஐந்து கேமராக்களில் மட்டும் பிழை 5.2 சதவீதம் என்று ஒப்புக்கொண்டது. 2013 ஏப்ரலில், வேறு நிறுவனத்தின் கைக்கு மாறியிருந்த அந்தத் திட்டம் நிறுத்தப்பட்டது. நகரமே ரகசியமாக வைத்திருந்த ஒரு தணிக்கை அறிக்கையை 2014 ஜனவரியில் அதே பத்திரிகை வெளியிட்டது. அதில் 2012-ம் ஆண்டு டிக்கெட்டுகளில் பிழை 10 சதவீதத்துக்கு மேல்.

இந்த டிக்கெட்டுகளை ஒரு போலீஸ் அதிகாரி பார்த்துக் கையெழுத்திடணும் என்பது விதி. நின்ற காரின் டிக்கெட்டும் அப்படித்தான் வந்தது. முந்தைய ஆண்டு, 2011-ல், அதே ஊரில் சிக்னல் மீறல் கேமரா டிக்கெட்டுகள் சுமார் 2,000, ஏற்கெனவே இறந்துபோன அதிகாரியின் மின்கையெழுத்தோடு போயிருந்தன. மனிதச் சரிபார்ப்பு என்பது வெறும் பட்டனாக மாறினால் இதுதான் நடக்கும்.

2017-ல் பால்டிமோர் மறுபடி கேமராக்களைக் கொண்டுவந்தது. அதுல எனக்கு வருத்தம் இல்லை. வேகம் ஆளைக் கொல்லும். ஸ்கூல் வாசல்ல கேமரா இருக்கணும். அது சரியா அளக்கவும் செய்யணும்.

நான் செஞ்ச தப்பு

இப்போ என் ஆயிரம் ரூபாய்க்கு வருவோம்.

ஒரு சிஸ்டத்தோட ஓனரா யோசிச்சுப் பாருங்க. ஆயிரம் டிக்கெட் அனுப்பறீங்க. தொள்ளாயிரத்து தொண்ணூறு பேர் பணம் கட்டிட்டாங்க. பத்து பேர் எதிர்த்தாங்க. உங்க டேஷ்போர்டுல என்ன தெரியும்? "99 சதவீதம் சரி." தப்பா வந்த டிக்கெட்டுக்கு அமைதியா பணம் கட்டினவர் எந்தக் கணக்குல வருவார்? சரியா வந்த டிக்கெட் கணக்குல. அவர் கட்டின பணமே கருவி சரியா இருக்குங்கறதுக்கு சாட்சி ஆயிடும்.

நான் வேலை செஞ்ச ஒரு டீம்ல கஸ்டமர் புகார் குறைஞ்சதுன்னு கேக் வெட்டினோம். ரெண்டு வாரம் கழிச்சுத்தான் தெரிஞ்சது, புகார் கொடுக்கிற ஃபார்மே வேலை செய்யலை. நான் ஃபைன் கட்டினப்போ அதையேதான் செஞ்சேன். ஆயிரம் ரூபாய் போனது பெருசில்லை. அந்தக் கேமரா அன்னைக்கு வேற யாருக்கெல்லாம் தப்பா டிக்கெட் அனுப்பிச்சோ, அவங்க "எனக்கு மட்டும்தான் இப்படியா"ன்னு நினைச்சிருப்பாங்க. அவங்களுக்கு நான் ஒரு சாட்சியா இருந்திருக்கலாம். இல்லாமப் போனேன். அதுல ஆட்டோ ஓட்டறவர், டெலிவரி பண்றவர் இருந்தா, ஆயிரம் ரூபாய் அவங்களோட ஒரு நாள் கூலி.

நம்ம நாட்டு விதி என்ன சொல்லுதுன்னு கட்டினதுக்கு அப்புறம்தான் படிச்சேன். 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் செய்த திருத்தம் எலெக்ட்ரானிக் கண்காணிப்புக்கு வழி செய்தது. 2021 ஆகஸ்டில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167ஏ என்ற விதி சேர்ந்தது. கருவி துல்லியமாக இயங்குகிறது என்று அங்கீகாரச் சான்றிதழ் வேண்டும், அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்றது. மீறல் நடந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் போகணும். அதோடு படம், கருவி எடுத்த அளவு, தேதி, நேரம், இடம், மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழ் எல்லாம் இருக்கணும் என்றும் பட்டியல் போட்டது.

அந்தப் பட்டியலைப் படிக்கும்போது எனக்கு மயாமி ஞாபகம் வந்தது. கருவியை எப்போ சோதிச்சீங்க? இது எந்த வண்டி? எங்க, எத்தனை மணிக்கு? ஒவ்வொரு வரியும் எங்கேயோ யாரோ ஒருத்தர் கோர்ட்ல கேட்ட கேள்வி மாதிரியே இருந்தது.

அதனால, அடுத்த தடவை உங்களுக்குத் தப்பா ஒரு சலான் வந்தா, பணம் கட்டற பட்டனுக்கு முன்னாடி படத்தைத் திறந்து பாருங்க. அது உங்க வண்டிதானா? நம்பர் சரியா? நேரம் சரியா? படத்துல வேற வண்டி இருக்கா? அந்த நேரத்துல நீங்க வேற இடத்துல இருந்ததுக்கு பார்க்கிங் சீட்டு, ஆபீஸ் என்ட்ரி, ஏதாவது இருந்தா உடனே எடுத்து வைங்க. கேமரா அங்கீகாரச் சான்றிதழைக் கேளுங்க. விர்ச்சுவல் கோர்ட்டுக்குப் போன சலான்ல "கட்டறேன்"க்குப் பக்கத்துலயே "எதிர்க்கிறேன்"னு ஒரு ஆப்ஷனும் இருக்கு. வேகமா போயிருந்தா, தயவு செஞ்சு கட்டிடுங்க. அதுக்கு இந்த எபிசோடைக் காரணம் காட்டாதீங்க.

அம்மாகிட்ட இதையெல்லாம் சொன்னேன். மரம் கதையைக் கேட்டுச் சிரிச்சாங்க. அப்புறம் கொஞ்ச நேரம் யோசிச்சுட்டுக் கேட்டாங்க: "அப்போ நீ கட்டினது தப்புன்னா, இனிமே உன் பேர்ல வேகமா போனான்னு எழுதியிருக்குமா?" ஆமாம்மா, எழுதியிருக்கும்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.